வால்பிடி நீட்டிய கை

ஒரு காலத்தில், ஆப்ப மாவு பொங்கிக்கொண்டிருந்த ஒரு பானைக்குள் ஈஸ்ட் செல் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத பொட்டு. உள்ளே போனால் அது ஒரு முழு ஊர். நடுவில் அரண்மனை, சுற்றிலும் மதில், மதிலில் நூற்றுக்கணக்கான வாசல்கள். அந்த வாசல்களில் கதவு மாட்டினால்தான் சர்க்கரை உள்ளே வரும். சர்க்கரை வந்தால்தான் ஊரில் அடுப்பெரியும்.

கதவு செய்யும் விதம் அரண்மனைப் புத்தகத்தில் இருந்தது. புத்தகம் வெளியே வராது. அதைப் பார்த்து எழுதிய நகல்கள்தான் வரும். அவற்றுக்குச் சேதி என்று பெயர். ஒவ்வொரு சேதிக்கும் தலையில் ஒரு தொப்பி, பின்னால் நீண்ட வால். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறவன்தான் வால்பிடி. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அவன் யாரையும் காக்கா பிடிக்கிற ஆள் இல்லை.

வாசிப்புக்காரர் ஒருவர் சேதியின் தலைப்பக்கம் ஏறி, மூன்று மூன்று எழுத்தாக உரக்கப் படித்தபடியே நடப்பார். படிக்கப் படிக்க அவர் கையில் கதவு உருவாகும். 'முடிந்தது' என்ற சொல் வந்ததும் நின்றுவிடுவார். அந்தச் சொல் வாலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், வால்பிடி நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி அவரை இறக்கிவிடுவான்.

கை எட்டாவிட்டால் நகல் பிழை என்று அர்த்தம். நகல்களைச் சரிபார்க்கும் தணிக்கையம்மா உடனே வருவாள், சேதியின் தொப்பியைக் கழற்றுவாள். தொப்பி போன சேதியைக் கொறிப்பான் என்று ஒருவன் வந்து தலையிலிருந்து தின்னத் தொடங்குவான். ஊர் வழக்கம் அது. யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

அன்று வால்பிடியோடு அரண்மனையை விட்டு வந்த சேதிக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியவில்லை. நெளிவதும் சுருள்வதும் வாசிப்புக்காரர்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"அண்ணே, என்னை எப்பப் படிப்பாங்க?"

"வரிசை இருக்கும்மா. கொஞ்சம் பொறு."

"என் மேல என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியல. இருப்புக் கொள்ளல அண்ணே."

சேதிகளின் பாடு அப்படித்தான். தன்மேல் எழுதியிருப்பது தனக்குத் தெரியாது. யாராவது படித்தால்தான் அதன் காதிலும் விழும்.

முதல் வாசிப்புக்காரர் ஏறினார், படித்தார். சேதி அசையாமல் கேட்டாள். நிலை வந்தது, கீல் வந்தது, பலகை பாதி வந்தது. அத்தனை நேர்த்தி. வால்பிடி எத்தனையோ சேதிகளோடு வந்தவன், அவனே வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

அப்போது வாசிப்புக்காரர், "முடிந்தது" என்று சொல்லி நின்றார்.

நின்ற இடம் சேதியின் நட்டநடு. நகல் எடுத்தபோது ஒரே ஓர் எழுத்து மாறிப்போய், இருக்கக் கூடாத இடத்தில் அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. வால்பிடி கையை நீட்டினான். எட்டவில்லை. குதிகாலை உயர்த்தி நீட்டினான். அப்போதும் எட்டவில்லை. தூரத்தில் தணிக்கையம்மா திரும்பிப் பார்த்தாள்.

அவன் செய்தது இதுதான். வாலை விட்டான். ஓடிப்போய் நடுவில் நின்றுகொண்டு வாசிப்புக்காரரின் கையைப் பற்றி இறக்கிவிட்டான்.

"என்னப்பா, நீ இங்கயா நிப்பே?" என்றார் அவர்.

"இதுதாங்க என் இடம்."

கையும் கையும் சேர்ந்ததைப் பார்த்த தணிக்கையம்மா வேறு பக்கம் போய்விட்டாள். பாதிக் கதவு மதிலுக்குப் போனது.

"மீதி எங்க அண்ணே?" என்றாள் சேதி.

"அடுத்தவர் படிப்பார்மா."

அடுத்தவர் வந்தார். அவரும் அங்கேயே நின்றார், வால்பிடி அவரையும் இறக்கிவிட்டான். அதற்கடுத்தவரும் அப்படியே. ஒவ்வொருவர் ஏறும்போதும் சேதி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். ஒவ்வொருவர் இறங்கியதும் "மீதி?" என்பாள். வால்பிடிக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தணிக்கையம்மாவின் நிழல் தெரிந்தாலே திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஆனாலும் கையை நீட்டுவதை நிறுத்தவில்லை.

பாதிக் கதவில் குமிழும் தாழ்ப்பாளும் கிடையாது, திறக்காது. ஆனால் நிலையும் கீலும் இருந்ததால் வாசலில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தது நகரவும் இல்லை. மற்ற சேதிகளில் இருந்து வந்த நல்ல கதவுகள் மாட்ட இடமில்லாமல் மதிலடியில் குவிந்தன. சர்க்கரை குறைந்தது, அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வாசிப்புக்காரர்களின் குரல் கம்மியது. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே சேதியின் மேல் தளர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

தணிக்கையம்மா நேராக வந்தாள்.

"வால் அங்க அநாதையாக் கிடக்கு. நீ இங்க என்னப்பா பண்றே?"

வால்பிடி தலை குனிந்தான். "பாதி வரைக்கும் ஒரு குறையும் இல்லம்மா. நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

"நான் மதிலைப் பாத்துட்டு வரேன். ஊரே வயித்துல ஈரத்துணி கட்டிக்கிட்டு கெடக்கு. அந்தக் கதவெல்லாம் நீ மாட்டினது."

சேதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நான் பாதிதானா?"

அவனால் இதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லம்மா. மீதியும் இருக்கு. அந்தப் பக்கம் யாரும் இதுவரைக்கும் வரல."

சேதி நெளிவதை நிறுத்தினாள். "நீங்க வாலுக்குப் போங்கண்ணே."

போனான். ஒரு கையால் மறுபடி வாலைப் பிடித்துக்கொண்டான். தணிக்கையம்மா தொப்பியை மெல்லக் கழற்றினாள். கடமையில் அவளுக்குக் கோபம் கிடையாது. பிறகு பாதிக் கதவுகளைப் பெயர்த்தெடுக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு மதிலுக்கு விரைந்தாள்.

தளர்ந்து உட்கார்ந்த வாசிப்புக்காரர் மட்டும் இன்னும் சேதியின் மேலேயே இருந்தார். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினார். கொறிப்பான் வேலையைத் தொடங்கியிருந்தான்.

"நடங்கய்யா. நான் நிக்க முடியாது," என்றான் அவன்.

வாசிப்புக்காரர் எழுந்து படித்தபடி நடந்தார். நடுவுக்கு வந்ததும் "முடிந்தது" என்று சொல்லிக் கையை நீட்டினார். பற்ற யாரும் இல்லை. வால்பிடி வாலடியில் நின்று மறு கையை நீட்டாமல் இறுக்கிக்கொண்டிருந்தான்.

"யாராச்சும் இறக்கிவிடுங்கப்பா," என்றார் வாசிப்புக்காரர். கொறிப்பான் குதிகால்வரை வந்துவிட்டான். நிற்க இடமில்லை, இறங்க வழியில்லை. வாசிப்புக்காரர்கள் லேசில் செய்யாத ஒன்றை அவர் செய்தார். அந்தச் சொல்லைப் பார்க்காதவர்போல அதன்மேல் காலை வைத்து அடுத்த எழுத்தைப் படித்தார்.

மீதிப் பலகை வந்தது. குமிழ் வந்தது. தாழ்ப்பாள் வந்தது. பின்னால் கொறிப்பான் தின்னத் தின்னத் தீர்ந்துகொண்டிருந்த சேதி, முன்னால் தன்னையே முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டு போனாள்.

"இதுதானா அண்ணே?" என்றாள்.

"இதுதாம்மா."

வாலுக்குப் பக்கத்தில் வந்து வாசிப்புக்காரர், "முடிந்தது" என்றார். வால்பிடி நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினான். எட்டியது. முழுக் கதவு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் இறங்கினார்.

"நல்ல சேதிப்பா," என்று சொல்லி அவளைப் பார்க்கத் திரும்பினார்.

வால்பிடியின் மற்றொரு கையில் வால் மட்டும் இருந்தது.