‘வித்’தில் நின்ற வாக்கியம்

"டீச்சர், ஒரு வாக்கியம் ‘வித்’துல முடியலாமா, கூடாதா?"

கமலக்கண்ணன் கேட்டபோது பிலோமினா டீச்சர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். வேலூரில் ஒரு தையல் கடை மாடியில் அவருடைய இங்கிலீஷ் வகுப்பு.

"எந்த வாக்கியம்?"

அவனுக்குக் காது சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவன். அங்கே நர்ஸாக இருந்த மிசோரம் பெண் ரின்புயி மேல் உயிரையே வைத்திருந்தான். அவளுக்குத் தமிழ் வராது. இவனுக்கு அவள் பாஷை வராது. இருவருக்கும் நடுவில் இருந்தது இங்கிலீஷ் ஒன்றுதான்.

"யூ ஆர் தி ஒன் ஐ வான்ட் டு லிவ் வித்."

"அடேங்கப்பா!" என்றார் டீச்சர்.

"தப்பு!" பக்கத்து பெஞ்சிலிருந்து வக்கீல் குமாஸ்தா சடகோபன் எழுந்தேவிட்டார். "ப்ரெபோசிஷன்ல முடியவே கூடாது. ‘வித் ஹூம்’னு முன்னாடி வரணும்."

"அப்படிச் சொன்னா கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு சார்!"

ஒரு வாரமாக இதே ரகளை. சரி, தொலையட்டும் என்று விடலாம். ஆனால் அந்த ஒரு வாரமும் இந்தப் பாவி அவளிடம் வாயே திறக்கவில்லை. அவளோ வேலையை விட்டுவிட்டு இன்று சாயங்காலம் ரயிலேறுகிறாள்.

"நீங்களே தீர்ப்பு சொல்லுங்க டீச்சர். சார் சொல்றாரு, கடைசியில ‘வித்’ அந்தரத்துல தொங்குதாம். அதுக்கப்புறம் ஆள் இல்லையாம்."

"ஆமா, இல்லதான்." டீச்சர் கடலையை வாயில் போட்டார். "வாக்கியத்தை நீதான் முடிக்கணும்னு உனக்கு யாருப்பா சொன்னா?"

"புரியல டீச்சர்."

டீச்சர் எழுந்தார். அவன் பையை எடுத்து அவன் தோளில் மாட்டினார். கதவைத் திறந்து அவனை வெளியே தள்ளித் தாழ் போட்டார்.

"சடகோபன் சார், நீங்க உட்காருங்க."

காட்பாடி ஸ்டேஷன். ரின்புயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பெட்டி. இவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரக் கோபம், இருக்காதா?

ஓடி வந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது. எந்த விதியும் ஞாபகத்தில் இல்லை.

"யூ ஆர் தி ஒன்... ஐ வான்ட் டு லிவ் வித்..."

அப்படியே நின்றான்.

அவள் திரும்பினாள். பிறகு பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"மீ" என்றாள்.