மசாருவை எழுதும் விதம்

செகிகுச்சிக்கு ஐம்பத்தாறு வயது. ஜப்பானின் வடக்கே, பனி அதிகம் பெய்யும் ஒரு சிறிய ஊரின் நகராட்சியில், பிறப்புப் பதிவுப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். விருப்ப ஓய்வு வாங்கிய மறுவாரமே ஒரு காமிக்ஸ் ஓவியரிடம் சீடராகச் சேர்ந்தார்.

அந்த ஓவியரின் பெயர் ஒரிஹாரா. முப்பத்தெட்டு வயதுப் பெண். பூதங்களும் மந்திர வாள்களும் வரும் படக்கதைகளைப் பதினைந்து வருடமாக வரைகிறவர். தன்னைவிட இத்தனை இளையவரை செகிகுச்சி 'சென்செய்' என்றுதான் அழைத்தார். ஆசிரியர் என்று பொருள்.

இரண்டாம் வருடம் செகிகுச்சி தன் முதல் கதையை வரைந்தார். நாற்பது பக்கம். ஒரு சிறுவன், ஒரு பூதம். உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் பூதம் வீழும். சிறுவன் அந்தப் பெயரைத் தேடிக் காடு மலையெல்லாம் அலைகிறான்.

பத்திரிகைக்கு அனுப்ப ஒன்பது நாள் இருந்தது. சிறுவனுக்கும் பூதத்துக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை.

"சென்செய், பூதத்துக்கு என்ன பெயர் வைக்கட்டும்?"

செகிகுச்சி ஒரு தாளை நீட்டினார். இருள், இடி, ரத்தம், எலும்பு என்று பொருள்படும் எழுத்துகளைக் கோத்து அறுபது பெயர்கள் எழுதியிருந்தார்.

ஒரிஹாரா எல்லாவற்றையும் படித்தார்.

"நகராட்சியில் எத்தனை பெயர் பதிந்திருப்பீர்கள்?"

"இருபதாயிரம் இருக்கும்."

"அதில் ஏதாவது ஒரு பெயரைக் கண்டு பயந்ததுண்டா?"

செகிகுச்சி சிரிக்கப் போனார். சிரிப்பு வரவில்லை.

"ஒன்று உண்டு. நானே வைத்தது."

"யாருக்கு?" என்று கேட்டார் ஒரிஹாரா.

"என் மகன் மசாரு. குறை மாதத்தில் பிறந்தான். ஆயிரத்து முந்நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைத்தால் போதும் என்றிருந்தது. 'ஜெயிப்பவன்' என்று பொருள் வரும் எழுத்தில் அவன் பெயரை எழுதி, பக்கத்து மேசையில் பதியக் கொடுத்தேன்."

"பிழைத்துக்கொண்டாரா?"

"பிழைத்துக்கொண்டான். எதற்காக அந்தப் பெயரை வைத்தேன் என்பதை நான் மறந்துவிட்டேன். நீச்சலில் ஜெயி என்றேன். வகுப்பில் ஜெயி என்றேன். கல்லூரி நுழைவுத் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றபோது, இந்தப் பெயரைச் சுமக்க உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அன்று வீட்டை விட்டுப் போனான். சென்டாய் நகரில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்கிறான். எட்டு வருடமாகப் பேச்சில்லை."

ஒரிஹாராவின் மேசையில் ஒரு சிறிய கண்ணாடி உண்டு. முகபாவங்களை வரையும்போது தன் முகத்தைப் பார்த்துக்கொள்வதற்கு வைத்திருந்தார். அதை எடுத்து, பூதம் வரும் பக்கத்தின் அருகில் வைத்து, செகிகுச்சியின் பக்கம் நகர்த்தினார்.

செகிகுச்சி பூதத்தைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். அதே புருவம். அதே கோணல் வாய்.

"நான் வேண்டுமென்று வரையவில்லை" என்றார்.

"தெரியும்."

செகிகுச்சி கேட்டார். "அப்படியென்றால் சிறுவனுக்கு என்ன பெயர்?"

"மசாரு."

"அந்தப் பெயரா?"

ஜப்பானிய மொழியில் ஒரே ஒலியைப் பல எழுத்துகளில் எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் பொருள் வேறு; ஓர் எழுத்துக்குள்ளேயே சிறு எழுத்துகள் சேர்ந்திருப்பதும் உண்டு. ஒரிஹாரா தூரிகையை மையில் தொட்டு, மசாரு என்று ஒலிக்கும் வேறோர் எழுத்தை எழுதினார்.

"படியுங்கள்."

"மசாரு. சிறந்தவன் என்று பொருள். கனிவானவன் என்றும் சொல்லலாம். பதிவேட்டில் நூறு தடவை எழுதியிருக்கிறேன்."

"இந்த எழுத்துக்குள் இடது பக்கம் நிற்பது யார்?"

"மனிதர்."

"வலது பக்கம்?"

செகிகுச்சி குனிந்து பார்த்தார். "துக்கம்."

"துக்கத்தின் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார்" என்றார் ஒரிஹாரா. "இந்த எழுத்தை உண்டாக்கியவர்கள் அவ்வளவுதான் வரைந்திருக்கிறார்கள்."

எட்டு நாள் செகிகுச்சி வீட்டுக்குள்ளேயே இருந்தார். முதல் பக்கத்தை மாற்றினார். உள்ளங்கை அளவுக் குழந்தையின் மேல் குனிந்து, ஜெயித்து வா என்று ஒருவன் கெஞ்சுகிறான். கடைசிப் பக்கத்தையும் மாற்றினார். சிறுவன் வாளோடு பூதத்தின் முன்னால் நிற்கிறான். தேடிய பெயர் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. "அப்பா" என்று கூப்பிடுகிறான். பூதம் மண்டியிடுகிறது.

கதை அச்சில் வந்தது. சிறுவனின் பெயர் புதிய எழுத்தில் இருந்தது. பக்கத்தில், படிக்க உதவும் பொடி எழுத்துகளில் 'மசாரு' என்று போட்டிருந்தார்கள். ஒரு பிரதியைக் கடிதம் எதுவும் வைக்காமல் சென்டாய்க்கு அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி ஒலித்தது.

"அப்பா, அது என் எழுத்து இல்லை."

"தெரியும்."

மறுமுனையில் ரொட்டிக் கடையின் இரைச்சல் கேட்டது.

"அந்த முதல் பக்கம்..." என்றான் மசாரு. "அது உண்மையா?"

"உண்மை. ஆயிரத்து முந்நூறு கிராம்."

"நீங்கள் சொன்னதே இல்லை."

"சொல்லியிருக்க வேண்டும்."

 சனிக்கிழமை விடுமுறை, வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மகன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

மறுநாள் செகிகுச்சி கலங்கிப்போய் ஒரிஹாராவிடம் வந்தார்.

"சென்செய், பத்தொன்பது வருடம் அவனை ஜெயி, ஜெயி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். சனிக்கிழமை வாசலில் வந்து நிற்பான். எந்த மசாருவாக அவனைக் கூப்பிடுவது?"

"கூப்பிட்டுப் பாருங்கள்."

"இங்கேயா?"

"இங்கேதான்."

செகிகுச்சி எழுந்து நின்றார். கதவைப் பார்த்தார்.

"மசாரு" என்றார்.

"எந்த எழுத்து கேட்டது?"

"எழுத்து கேட்கவில்லை, சென்செய்."

"குரல் நடுங்கியது. அது எனக்குக் கேட்டது" என்றார் ஒரிஹாரா. "அவருக்கும் கேட்கும்."