ஐந்து ஏன்களும் ஓர் எருமையும்

கோணக்கரைப் பள்ளித் தலைமையாசிரியர் வேதகிரி நாள்காட்டியைப் பார்த்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பள்ளியைச் சோதிக்கக் கல்வி அதிகாரி வருகிறார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வகுத்தல் கணக்குப் போடாவிட்டால் வேதகிரிக்கு மலைமேல் இருக்கும் பள்ளிக்கு மாற்றல். மலை என்ற சொல்லைக் கேட்டாலே தலை சுற்றுகிற மனிதர் அவர்.

நல்லவேளை, திங்கட்கிழமை ஒரு பயிற்சி கிடைத்தது. "பிள்ளை படிக்கலேன்னா பிள்ளையை மட்டும் பார்க்காதீங்க. முழு அமைப்பையும் பாருங்க. அஞ்சு தடவை ஏன்னு கேளுங்க. கடைசியா வர்ற பதிலைச் சரிபண்ணுங்க" என்றார் பயிற்சியாளர். வேதகிரி ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஆசிரியர் கூட்டம். மொத்தமே மூன்று பேர். தப்பித்தவறிப் பிள்ளைகளைப் பார்த்துவிடக் கூடாதென்று முதுகைத் திருப்பி உட்கார்ந்தார்கள்.

"பிள்ளைங்களுக்கு வகுத்தல் ஏன் வரலை?" என்று தொடங்கினார் வேதகிரி.

"வாய்ப்பாடு தெரியலைங்க சார்" என்றார் கனகாம்புஜம் டீச்சர்.

"ஏன் தெரியலை?"

"பாடத்தைக் கவனிக்கிறதில்லை."

"ஏன்?"

"ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்குதுங்க."

"ஏன்?"

"வெளியே நம்ம சேசுராஜ் சாரோட எருமை நிக்குது."

"அது ஏன் அங்க நிக்குது?"

"புல்லு இருக்குங்க சார்" என்றார் சேசுராஜ், அடக்கமாக.

"நீங்க ஏன் அதை அங்க கொண்டுவந்து..." என்று டீச்சர் இழுத்தார்.

"ஆறாவது கேட்கக் கூடாது டீச்சர்!" என்று பதறினார் வேதகிரி. "அஞ்சு முடிஞ்சுபோச்சு. குற்றவாளி புல்லுதான்."

மூவரும் அரிவாளோடு இறங்கினார்கள். மூன்று நாள் பாடமே இல்லை. அறுத்த புல்லை எருமைக்கு எட்டாதபடி வகுப்பறையில் கொண்டுபோய் அடுக்க வேண்டும். யார் எத்தனை கட்டு சுமப்பது என்று தினமும் சண்டை. பொறுக்கமாட்டாமல் பிள்ளைகளே வந்து தீர்த்துவைத்தார்கள். "தொண்ணூத்தாறு கட்டு, மூணு பேரு. ஆளுக்கு முப்பத்திரண்டு, தூக்குங்க சார்!"

வெளியே புல் இல்லாததால் எருமை வகுப்புக்குள் வந்துவிட்டது. "இப்ப ஒருத்தனும் ஜன்னலைப் பார்க்கலை, கவனிச்சீங்களா?" என்று வேதகிரி பூரித்துப்போனார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். எருமையை ஒருமுறை பார்த்தார், பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். "எண்பத்துநாலை மூணால வகுத்தா?"

"ஆளுக்கு இருபத்தெட்டு கட்டு!" என்று வகுப்பே கத்தியது.

அதிகாரி அசந்துபோனார். "எப்படிய்யா சாதிச்சீங்க?"

வேதகிரி நேர்மையானவர். அடுத்தவர் உழைப்பில் பெயர் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. "மூணு நாளா நாங்க ஒண்ணுமே நடத்தலைங்கய்யா. எல்லாம் இந்த எருமையாலதான்."

அதிகாரியும் அதே பயிற்சிக்குப் போய்வந்தவர். பயபக்தியோடு குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. மலைப் பள்ளியில் கணக்கு மட்டமாக இருப்பதால், எருமை உடனே அங்கே போய்ச் சேர வேண்டுமாம்.

பிரிவுபசார விழாவில் வேதகிரி தம் கையாலேயே சால்வை போர்த்தி, மாலை போட்டார். எருமை மேடையிலேயே மாலையைத் தின்று முடித்தது.

"பார்த்தீங்களா, ஒரு பூவைக்கூட வீணாக்கலை" என்று விம்மினார் வேதகிரி. "இப்படியொரு வாத்தியார் நமக்கு இனிமே எங்க கிடைக்கப்போறார்!"