மடத்துக் காருக்கு ஆயில் மாற்றிய நாள்

துறையூரில் பழைய வண்டி வாங்கி விற்கும் அத்தியப்பன் பேரம் பேசாத இடமே கிடையாது. லாரி கழுவிப் பிழைத்து மேலே வந்த மனுஷன். சொன்ன விலைக்குப் பாதி கேட்பார். பாதிக்குக் கொடுத்துவிட்டால், ஏன் கொடுத்தான் என்று சந்தேகப்படுவார். கோபம் மட்டும் அவருக்குப் பேரம் பேசாமலே வந்துவிடும்.

மகள் இலக்கியாவுக்கு வந்த முதல் சம்பந்தம் அந்தக் கோபத்தில்தான் போனது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஏதோ ஒரு வார்த்தை சொல்ல, இவர் தாம்பூலத் தட்டைத் தட்டிவிட, வெற்றிலை பாக்கெல்லாம் அந்த ஆள் மடியில் போய் விழுந்தது. அதற்குப் பிறகுதான் பச்சைமலை அடிவாரத்தில் மெய்யம்மை அம்மாவின் மடத்துக்கு வர ஆரம்பித்தார். அம்மா அவரைவிட வயதில் சின்னவர். தினமும் காலையில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருங்கள் என்றதோடு சரி, வேறு உபதேசம் எதுவும் செய்யவில்லை. அத்தியப்பன் அதிலும் பேரம் பேசி நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பாதி நேரமும் நாணயமாக உட்கார்ந்தார்.

இப்போது இரண்டாவது சம்பந்தம் கூடி வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நிச்சயம். நேற்று சோறு போடும்போது இலக்கியா மெதுவாகச் சொன்னாள்.

"நீ வராட்டியும் பரவால்லப்பா. நாங்க பாத்துக்கறோம்."

அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டார்.

காலையில் மடத்துக்கு வந்தவர் நேராகக் கார் நிற்கும் கொட்டகைக்குப் போனார். மடத்துப் பழைய அம்பாசடருக்கு ஆயில் மாற்றுவது அவர் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. அந்த வேலையை வேறு யாரும் தொட்டால் பிடிக்காது. வண்டிக்கு அடியில் ஒரு அலுமினியச் சட்டியை வைத்து போல்ட்டைக் கழற்றினார். பழைய ஆயில் கருகருவென்று இறங்கிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றார்.

"அம்மா, ஒரு வியாபாரம் பேசணும்," என்று ஆரம்பித்தார் அத்தியப்பன்.

விஷயம் இதுதான். தினமும் உட்கார்கிறார். உட்கார்ந்து எழுந்தால் மனசு துடைத்த மாதிரி இருக்கிறது. மத்தியானத்துக்குள் யாராவது வந்து கெடுத்துவிடுகிறார்கள், மறுபடி அதே கோபம். இந்தச் சில்லறை வியாபாரம் இனிமேல் கட்டுப்படியாகாது. நாளைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாள் முழுக்க ஒரே மூச்சாக உட்கார்ந்துவிடுகிறார். ஆயுசுக்கும் கோபம் வராதபடி அம்மா மொத்தமாக முடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"சரிண்ணே."

அத்தியப்பனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு சுலபமாக அவரிடம் யாரும் இறங்கி வந்ததில்லை.

"காருக்கும் அப்படியே பண்ணிடுங்க," என்றார் அம்மா. "ரெண்டு கேன் இருக்குல்ல? அடுத்த தடவைக்கும் சேத்து இப்பவே ஊத்திடுங்க. அப்புறம் நீங்க இதுக்காக மெனக்கெட வேண்டாம்."

விளையாட்டு என்று நினைத்து அத்தியப்பன் சிரித்தார். போல்ட்டை முடுக்கி, ஒரு கேனை ஊற்றி, ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். கோடு வரைக்கும் வந்துவிட்டது, போதும். அம்மா இரண்டாவது கேனை நீட்டினார். அளவுக்கு மேலே போனால் ஆயில் நுரைத்துக்கொள்ளும், ரப்பர் சீலைப் பிய்த்துக்கொண்டு ஒழுகும், வண்டி புகையாகக் கக்கும் என்று அத்தியப்பன் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பரவாயில்லை, ஊற்றுங்கள் என்றார். மாட்டேன் என்றார் இவர். அம்மா தானே மூடியைத் திருகிக்கொண்டு இன்ஜின் பக்கம் குனிந்தார்.

அத்தியப்பன் கேனைப் பிடுங்கினார்.

"அறிவிருக்கா உனக்கு? இன்ஜின் நாசமாப் போயிரும்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன், காதுல என்ன..."

அதோடு நின்றுவிட்டது. அடுத்து வரவேண்டிய வார்த்தைகள் துறையூர்ச் சந்தையில் எல்லோருக்கும் மனப்பாடம். அவை வாய்க்குள்ளேயே நின்றன. குருவை ஒருமையில் பேசிவிட்டது அப்புறம்தான் உறைத்தது. கேனைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தீங்களாம்மா? காலைல உக்காந்துட்டுத்தான் வந்தேன். எல்லாம் வீண்."

அம்மா சட்டியில் இருந்த பழைய ஆயிலில் ஒரு விரலை விட்டு எடுத்தார். விரல் மை தொட்ட மாதிரி கறுத்திருந்தது.

"இதுவும் வீணாப் போச்சாண்ணே? நல்ல ஆயில்தானே ஊத்தியிருந்தீங்க?"

தொழில் பேச்சு வந்ததும் அத்தியப்பனுக்குக் குரல் திரும்பிவிட்டது.

"நல்ல ஆயில்தாம்மா. ஓடுற இன்ஜின்ல கரி சேரத்தான் செய்யும். அதை இது வாங்கிக்கிட்டுக் கறுக்கணும். ரொம்ப தூரம் ஓடுச்சுன்னு சொல்ற வண்டியில ஆயில் பளபளன்னு இருந்தா, அந்த வண்டியை நான் தொடவே மாட்டேன்."

"அப்புறம் ஏன் மாத்தறீங்க?"

"இதுவும் எவ்வளவுதான் வாங்கும்? காலத்துல மாத்தலேன்னா அந்தக் கரியே இன்ஜினை அரைச்சுரும்."

சொல்லிவிட்டுக் கைப் பிசுக்கை வேட்டியில் துடைத்தார். பிறகு கேட்டார்.

"வெள்ளிக்கிழமை சபையில எவனாவது வாயைத் திறந்தா என்னம்மா பண்றது? இன்னொரு தடவை புள்ள முகத்தைப் பாக்க முடியாது. நான் போகாமலே இருந்துரட்டா?"

"போங்க. காலைல உக்காந்துட்டுப் போங்க."

"இன்னிக்கும் உக்காந்துட்டுத்தானே வந்தேன். வந்துருச்சே."

அம்மா பழந்துணியை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

"வந்துச்சு. பாதியில நின்னுருச்சு. மீதிப் பாதி எங்கண்ணே போச்சு?"

அத்தியப்பன் சட்டியைப் பார்த்தார். சிரிப்பு வந்தது. இரண்டாவது கேனை மூடி, அடுத்த தடவைக்கென்று எடுத்து வைத்தார்.