மூடுபனிக்கு என்ன விலை?

வெளிநாட்டு ஏரிக்கரை வணிகக் கல்லூரி ஒன்றில் பல நாட்டு மாணவர்களோடு தூத்துக்குடி ஜெனிட்டாவும் படித்தாள். ஒருநாள் காலை ஏரியும் மரங்களும் மணிக்கூண்டும் மூடுபனியில் கனவுபோல் மிதந்தன. வகுப்புக்குத் தாமதமாக வந்த பேராசிரியர் ஹென்ரிக், சன்னலோரம் பனியழகில் மயங்கி நின்றவளைப் பார்த்துவிட்டார்.

“அந்தப் பனியை எனக்கு வித்துக் காட்டு. முடியலைன்னா இந்த விற்பனைப் பாடத்துல நீ ஃபெயில்!”

ஜெனிட்டா சன்னலிலிருந்து திரும்பினாள். மெதுவாகக் கேட்டாள்.

“இன்னைக்கு ஏன் லேட்டு, சார்?”

“பனிதான். பாதையே தெரியலை.”

“நீங்க குடியிருக்கிறது இதே கட்டடத்து மாடியிலதானே, சார்?”

வகுப்பே சிரித்தது. பேராசிரியரின் முகம் சிவந்தது.

“சாக்குச் சொல்றதுக்குப் பனியை நீங்க ஏற்கெனவே வாங்கிட்டீங்க, சார். இனிமே விலைதான் பேசணும்.”

ஹென்ரிக் தொண்டையைச் செருமினார்.

“முழு மார்க்கு… போதுமா?”