மற்றும் பலர்

துணைவேந்தர் இளவழுதிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆனாலும் அங்கயற்கண்ணி அம்மையார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது முதலாண்டு மாணவனாகிவிடுவார். அவருக்குத் தருக்கவியல் கற்றுக்கொடுத்தவர் அம்மையார். மனதில் குழப்பம் என்றால் இன்றும் அங்கேதான் வந்து நிற்பார்.

"அம்மா, ஒரு சந்தேகம். நூலகம் கட்டிக் கொடுத்தவருக்கு எப்படி நன்றி சொல்றது?"

"யாரு கட்டிக் கொடுத்தது?"

"மில் முதலாளி பெத்தபெருமாள்."

"இதுவரைக்கும் என்ன செஞ்சே?"

இளவழுதி உற்சாகமாகச் சொன்னார். நூலகத்துக்கு அவர் பெயர். வாசலில் அவர் பெயரில் ஒரு வளைவு. உள்ளே அவருடைய மார்பளவுச் சிலை. வருகிற பட்டமளிப்பு விழாவில் கௌரவ டாக்டர் பட்டம்.

"அப்புறம் என்ன சந்தேகம்?"

"அவருக்குத் திருப்தி இல்லைம்மா. செஞ்ச தர்மம் எல்லாத்தையும் மேடையில வாசிக்கணுமாம். அப்பா, தாத்தா பேரோட."

"வாசிச்சா?"

"நேரம் போயிடும். அதனால பட்டம் வாங்குற பிள்ளைங்க பேரை இந்த வருஷம் வாசிக்கலை. மொத்தமா எழுந்து நிக்கச் சொல்லி, மொத்தமா உட்காரச் சொல்லிடுவோம். நன்றியுரையை மட்டும் நீங்க சொல்லணும். நீங்க சொன்னா அவர் மனசு குளிர்ந்துடும்."

அழைப்பிதழை நீட்டினார். கல்விக் காவலர், கொடைக் கடல், அறச்செம்மல் என்று பட்டங்கள் சரக்கு ரயில் பெட்டிகளாக நீண்டு, கடைசியில் எஞ்சின் மாதிரி பெத்தபெருமாள் பெயர் வந்தது. அம்மையார் பொறுமையாகக் கீழே வரை படித்தார்.

"இதுல பட்டம் வாங்குற பிள்ளைங்க எங்கே?"

இளவழுதி கடைசி வரியில் விரலை வைத்தார். 'பங்கேற்போர்: கொடையாளர் குடும்பத்தார், விருந்தினர் மற்றும் பலர்.'

"அந்த 'மற்றும் பலர்'ல வர்றாங்கம்மா."

அம்மையாரின் முகம் சிவந்துவிட்டது.

"முதல் நாள் வகுப்புல உன் பேரைக் கேட்டேன். எப்படிச் சொன்னே?"

"பயந்துபோய் முனகினேன்."

"நான் என்ன செஞ்சேன்?"

"எல்லார் காதுலயும் விழற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வச்சீங்க."

"அது ஞாபகம் இருந்துமா இதை அச்சடிச்சே?"

இளவழுதி தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அழைப்பிதழைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது.

"சரி, போ. நன்றியுரைக்கு வர்றேன்."

விழாவன்று மேடையில் அம்மையாருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதில் உட்காராமல் பெற்றோர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

பக்கத்தில் உச்சிமாகாளி என்று ஒருத்தி. உப்பளத்தில் கூலி. அன்றைய வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவளுக்கு நேர் முன்னால், பட்டம் வாங்குவோரின் கடைசி வரிசையில், கறுப்பு அங்கியோடு அவள் மகள் செவ்வந்தி. மகள் பெயரை மைக்கில் சொல்வதைக் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் வந்த காரியம்.

மேடையில் தர்மப் பட்டியல் ஓடியது. தண்ணீர்த் தொட்டி கொடுத்தது ஒரு தர்மம். தொட்டிக்கு மூடி கொடுத்தது தனி தர்மம். கேட்டவர்களுக்கெல்லாம் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் கை தட்டினார்கள், வெட்கக்கேடு!

பிறகு மைக் சொன்னது: "பட்டம் பெறுவோர் எழுந்து நிற்கவும்."

நின்றார்கள்.

"பட்டம் வழங்கப்பட்டது. அமரவும்."

உச்சிமாகாளி மகளின் தோளைத் தொட்டாள்.

"ஏட்டி, உம் பேர எப்பச் சொல்லுவாக?"

செவ்வந்தி திரும்பவில்லை. "சொல்லியாச்சும்மா."

"எனக்குக் கேக்கலியே."

"மைக்கு சரியில்லம்மா."

உச்சிமாகாளி தன் காதைத்தான் நொந்துகொண்டாள். அம்மையார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றியுரைக்கு அழைத்தார்கள். பெத்தபெருமாள் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மையார் மேடையேறி, மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே கீழே இறங்கினார். முதல் வரிசையின் ஓரத்தில் இருந்த பையனிடம் நீட்டினார்.

"பேரு. படிச்ச பாடம்."

பையன் எழுந்து மேடையைப் பார்த்தான்.

"அங்கே என்ன பார்வை? உன் பேரு உனக்குத் தெரியாதா?"

அவன் சொன்னான். அடுத்தவள் சொன்னாள். முனகியவர்களை அம்மையார் விடவில்லை, மறுபடியும் சொல்ல வைத்தார். மைக் வரிசை வரிசையாக நகர்ந்து கடைசி வரிசைக்கு வந்தது.

செவ்வந்தி எழுந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உச்சிமாகாளி மகள் செவ்வந்தி. தாவரவியல்."

"இப்ப எனக்குக் கேட்டுட்டு!" என்று உச்சிமாகாளி எழுந்து கத்தினாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. பந்தலே திரும்பிப் பார்த்தது.

மேடையில் பெத்தபெருமாள் துணைவேந்தர் பக்கம் சாய்ந்தார். "என்னய்யா நடக்குது? என் பேரு எப்ப வரும்?"

இளவழுதி வியர்வையைத் துடைத்துக்கொண்டே இறங்கி ஓடிவந்தார்.

"அம்மா, நன்றியுரையில தன் பேரு எப்ப வரும்னு கேக்கறார்."

அம்மையார் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பிள்ளையிடம் மைக்கை நீட்டியபடியே சொன்னார்.

"கடைசியில வரும்னு சொல்லு. 'மற்றும் பலர்'ல."