குமிழி விட்ட வட்டில்

சந்திரன் எந்நாளும் ஒரே வேகத்தில்தான் நடக்கிறது என்பது வடிவாம்பிகை அம்மையின் கோட்பாடு. அதை நிரூபித்தே தீருவேன் என்று, சந்திரன் சூரியனை மறைக்கும் கிரகணம்தோறும் சூரியனையே வெறித்துப் பார்த்து அவருடைய இரண்டு கண்ணும் போய்விட்டன. அதன்பிறகு வானத்தைப் பார்த்துச் சொல்வது சீடர் சடகோபரின் வேலை. குருவை விடச் சீடருக்கு வயது அதிகம், தலை முழுக்க நரை. பக்தி மட்டும் பச்சைப் பிள்ளையுடையது.

அடுத்த குன்றின் ஆசிரமத்தார் இந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை. சந்திரன் சில நாள் விரையும், சில நாள் தயங்கும் என்றார்கள்.

"வர்ற சூரிய கிரகணம் சொல்லட்டும். என் கணக்கு தப்புன்னா முதல்லேருந்து ஆரம்பிக்கிறேன்" என்றார் அம்மை.

கிரகண நாளில் இரு குன்றத்தாரும் கூடினார்கள். நேரம் அளக்க, அண்டா நீரில், அடியில் துளையிட்ட செப்பு வட்டிலை மிதக்கவிட்டார்கள். உச்சிப் பொழுதில் விட்ட வட்டில் நீர் ஏறி மூழ்கும் கணத்தில் கிரகணம் பிடிக்கும் என்பது அம்மையின் கணக்கு.

எல்லாரும் மஞ்சள் நீர்த் தாம்பாளங்களில் தெரிந்த சூரியன் மேல் குனிந்திருந்தார்கள். வட்டில் சடகோபரின் பொறுப்பு.

வட்டில் நிறையவில்லை. அதற்குள் சூரியனின் விளிம்பில் கறுப்பு தெரிந்துவிட்டது.

சடகோபர் அம்மையைப் பார்த்தார். கண்ணையே கொடுத்தவரிடம் இதை எந்த வாயால் சொல்வது? சட்டென்று ஒரு விரலால் வட்டிலை அழுத்தினார். அது மூழ்கியது.

"பிடிச்சிருச்சு அம்மா. வட்டிலும் மூழ்கிருச்சு."

அடுத்த குன்றத்தார் அம்மையை வணங்கி, தாங்கள் தோற்றதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். சடகோபருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

ஆள் அரவம் அடங்கியதும் அம்மை கேட்டார். "சடகோபரே, அது நம்ம பழைய வட்டில்தானே?"

"அதேதான் அம்மா."

"அது நிறைஞ்சு மூழ்கினா அடியில தட்டுற சத்தம் மட்டும்தான் கேக்கும். இன்னைக்குக் களகளன்னு குமிழி விட்டுச்சே?"

சடகோபர் அம்மையின் காலடியில் உட்கார்ந்தார்.

"நான்தான் அழுத்தினேன் அம்மா. கிரகணம் முன்னாடியே பிடிச்சிருச்சு. உங்க கணக்கு தோக்கறதைப் பாக்க எனக்கு மனசு வரல."

அம்மை கோபப்படவில்லை. ஆவலோடு முன்னால் சாய்ந்தார். "எவ்வளவு முன்னாடி? வட்டில் எதுவரைக்கும் நிறைஞ்சிருந்துச்சு?"

"பாக்கல அம்மா. பதற்றத்துல அழுத்திட்டேன்."

அம்மை பின்னால் சாய்ந்துகொண்டார்.

"ஓடிப்போய் அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க. தோத்தது நாமன்னு சொல்லணும்."

சடகோபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "என்னை மன்னிச்சிருங்க அம்மா. கண் போன உங்களுக்கு இந்த வேதனையும் வேணுமா?"

"கண் போனப்ப எனக்கு வேதனையே இல்ல, சடகோபரே. உங்க கண்ணு இருக்குன்னு தைரியமா இருந்தேன். நான் குருடியானது இன்னைக்குத்தான்."